வீடும் உரிமையும்: கியூபெக்கில் உளக்குறைபாடு உடையோரின் வதிவிடமும் சட்டமும்

மொன்றியல் தீவின் வடமேற்கில், பிரெய்ரி ஆற்றங்கரையில் அமைந்த ரொக்ஸ்பரோ 1914-இல் தனி நகராட்சியாயிற்று. 2002-இல் மொன்றியலுடன் இணைந்து, 2006 முதல் பியர்ஃபொன்-ரொக்ஸ்பரோ என்னும் நகரப் பிரிவின் பகுதியாக இருந்துவருகிறது. தனி வீடுகளும் உயரம் குறைந்த அடுக்குமாடிகளும் நிறைந்த இத்தகைய புறநகர்களில்தான் கியூபெக்கின் உளக்குறைபாடு உடையோர் பலர் இன்று வாழ்கிறார்கள். சிலர் பெற்றோருடன் இருக்கிறார்கள். சிலர் தங்களை ஏற்றுக்கொண்ட வேறொரு குடும்பத்துடன். சிலர் ஊழியர் துணையுள்ள இல்லங்களில். சிலர் தனியாக வாடகை வீட்டில். அறுபது ஆண்டுகளுக்கு முன் இவர்களில் பலருக்கு விதிக்கப்பட்டிருந்தது ஆயிரக்கணக்கானோர் அடைபட்ட மருத்துவமனைக் கட்டில் ஒன்றே. அந்த மாற்றத்தைச் சட்டம் ஓரளவு தாங்கி நிற்கிறது. ஆனால் சட்டம் தந்த உரிமைக்கு ஏற்ற அளவில் வீடுகள் பெருகவில்லை.

உளக்குறைபாடு என்பதில் இரு பெரும் பிரிவுகள் அடங்கும். முதலாவது அறிவுசார் குறைபாடு. இது பிறப்பிலோ சிறுவயதிலோ தோன்றி வாழ்நாள் முழுவதும் தொடர்வது. ஓட்டிசம் உடையோருக்கான சேவைகளும் பெரும்பாலும் அறிவுசார் குறைபாட்டுக்கான நிறுவனங்களின் வழியாகவே கிடைக்கின்றன. இரண்டாவது ஸ்கிட்சோஃபிரினியா, இருதுருவ நோய் போன்ற தீவிர மனநோய்கள். இவை பெரும்பாலும் இளமையில் தொடங்கி, ஏறியும் தணிந்தும் வருபவை. முதற்பிரிவினருக்கு வேண்டியது நீண்டகாலத் துணை; இரண்டாம் பிரிவினருக்கு நோய் ஏறும்போது மிகுதியாகவும் தணியும்போது குறைவாகவும் கிடைக்கும் நெகிழ்வான துணை. எங்கே வாழ்வது, யாருடன் வாழ்வது, அதை முடிவு செய்வது யார் என்ற மூன்று கேள்விகள் இரு பிரிவினருக்கும் பொது.

அடைப்பிலிருந்து குடியிருப்புக்கு

மொன்றியலில் பிரெஞ்சுக் கத்தோலிக்கருக்காகப் புரொவிடென்ஸ் கன்னியர் சபை 1873-இல் சென்-ஜோன்-டு-டியூ மனநோய் மருத்துவமனையைத் தொடங்கியது. ஆங்கிலம் பேசும் புரொட்டஸ்டாண்டுகள் 1881-இல் வெர்டனில் தொடங்கியதே இன்றைய டக்ளஸ் மருத்துவமனை. இரண்டும் ஊருக்குள் ஊராக வளர்ந்தன. அறிவுசார் குறைபாடு உடைய குழந்தையும் முதுமையால் நினைவிழந்தவரும் தீவிர மனநோயாளியும் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டார்கள்.

இந்த அமைப்பு எவ்வளவு கெட்டுப்போகலாம் என்பதற்கு ‘டியூப்ளெசி அனாதைகள்’ என்று அறியப்படும் பிள்ளைகளின் வரலாறே சான்று. ரொக்ஸ்பரோவைத் தொட்டோடும் அதே ஆற்றின் கீழ்ப்புறத்தில், தீவின் வடகிழக்கில் மோன்-புரொவிடான்ஸ் என்ற சிறுவர் இல்லம் இருந்தது. 1950-களின் நடுவில் அது மனநோய் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அனாதை இல்லத்துக்குக் கிடைத்ததைவிட மருத்துவமனைக்குக் கூட்டாட்சி அரசின் பணம் அதிகமாகக் கிடைத்தது. பள்ளி வகுப்புகள் நின்றன. நலமாக இருந்த பிள்ளைகளின் பதிவேடுகளில் மனவளர்ச்சி குன்றியோர் என்ற முத்திரை விழுந்தது. 1999-இல் கியூபெக் அரசு மன்னிப்புக் கேட்டது. 2001-இல், தவறாக அடைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 10,000 டொலரும், அடைபட்டிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,000 டொலரும் இழப்பீடாக அறிவித்தது. ஒருவருக்குக் குறைபாடு உண்டு என்று எழுதும் அதிகாரமும், அவரை அடைத்துவைக்கும் அதிகாரமும், அதற்கான பணத்தைப் பெறும் உரிமையும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. பின்னாளில் கியூபெக் சட்டத்தில் நீதிமன்றக் கண்காணிப்பு வலுப்பெற்றதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

மாற்றத்துக்கான குரல் உள்ளேயிருந்தே எழுந்தது. சென்-ஜோன்-டு-டியூவில் நோயாளியாக இருந்த ஜோன்-சார்ல் பஜே தம் அனுபவத்தை 1961-இல் நூலாக வெளியிட்டார். மருத்துவர் கமில் லோரான் அதற்குப் பின்னுரை எழுதினார். நூல் எழுப்பிய அதிர்ச்சியில் அரசு பெடார் குழுவை அமைத்தது. மருத்துவமனையில் இருந்தோர் பலரை வெளியே வாழவிடலாம், அவர்களுக்கான சேவை ஊருக்குள் அமைய வேண்டும் என்று 1962-இல் அக்குழு பரிந்துரைத்தது. அதன்பின் மூன்று தவணைகளில் கட்டில்கள் குறைக்கப்பட்டன. 1978-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் வந்தது. 1988-இல் அறிவுசார் குறைபாடு உடையோரைச் சமூகத்தோடு இணைப்பதை அரசு தன் கொள்கையாக அறிவித்தது. 1989-இல் மனநலக் கொள்கையும் வந்தது.

பெற்றோர்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. ரொக்ஸ்பரோ அடங்கிய மேற்குத் தீவுப் பகுதியில், அறிவுசார் குறைபாடு உடைய பிள்ளைகளின் பெற்றோர் 1958-இலேயே தங்கள் சங்கத்தைத் தொடங்கிவிட்டனர். பிள்ளையை நிறுவனத்தில் விட்டுவிடுமாறு மருத்துவர்கள் அறிவுரை கூறிய காலம் அது. வீட்டிலேயே வளர்ப்போம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் பகல்நேர நிகழ்ச்சிகளையும் ஓய்வுநேரப் பராமரிப்பையும் தாங்களே உருவாக்கிக்கொண்டன.

இன்றைய வதிவிட வகைகள்

மேற்குத் தீவில் டக்ளஸ் மருத்துவமனை, மேற்கு மொன்றியல் மறுவாழ்வு மையம், சமூக மருத்துவ நிலையங்களான சி.எல்.எஸ்.சி.-கள் ஆகியவை 2015-இல் ஒரே நிருவாகத்தின் கீழ் இணைக்கப்பட்டன. 2024 டிசம்பர் முதல் அது சாந்தே கியூபெக் என்ற மாகாண அமைப்புக்குள் இயங்குகிறது. குடும்பம் முதலில் தட்டவேண்டிய கதவு சி.எல்.எஸ்.சி.தான். அங்குள்ள சமூகப் பணியாளர் தேவையை மதிப்பிட்டு உரிய சேவைக்கு அனுப்புவார்.

மிகப் பலர் பெற்றோருடனேயே வாழ்கிறார்கள். இவர்களுக்கு வீட்டு உதவி, குடும்பத்தினர் சில நாள் இளைப்பாறுவதற்கான மாற்றுப் பராமரிப்பு, பகல்நேர நிகழ்ச்சிகள் ஆகியவை கிடைக்கலாம். உதவியாளரைக் குடும்பமே தேர்ந்தெடுக்க, ஊதியத்தை அரசு தருகின்ற ‘செக் அம்புளுவா-செர்வீஸ்’ திட்டமும் உண்டு. மொழியும் சமையலும் தெரிந்த ஒருவரை அமர்த்திக்கொள்ள வழிசெய்வதால் தமிழ்க் குடும்பங்களுக்கு இது குறிப்பாகப் பயன்படக்கூடியது.

அடுத்தது குடும்ப வகை வதிவிடம். ஒருவரோ இருவரோ தாங்கள் குடியிருக்கும் வீட்டில் அதிகம்போனால் ஒன்பது பேரை ஏற்று, குடும்பச் சூழலில் பராமரிக்கிறார்கள். இடைநிலை வதிவிடம் இதைவிடப் பெரியதாகவோ சிறப்புத் தேவைகளுக்கானதாகவோ இருக்கும். இரண்டிலும் யாரை அனுப்புவது என்பதை அரசு நிறுவனமே முடிவு செய்கிறது. அங்கு வாழ்வோரின் நலனுக்கான இறுதிப் பொறுப்பும் அந்நிறுவனத்தையே சாரும். கடுமையான நடத்தைச் சிக்கல் உடையோருக்கு இரவும் பகலும் ஊழியர் இருக்கும் தொடர் உதவி இல்லங்கள் உள்ளன.

கடைசி வகை, துணையுடன் கூடிய சொந்தக் குடியிருப்பு. நகராட்சி வீட்டு வாரியத்தின் குறைந்த வாடகை வீடுகளில் வாடகை வருமானத்தின் 25 விழுக்காடாகக் கணக்கிடப்படுகிறது. தனியார் வீட்டில் இருந்துகொண்டே வாடகை மானியம் பெறவும் வழி உண்டு. வீடற்ற மனநோயாளிகளுக்கு நோய் குணமான பிறகு வீடு என்ற பழைய வரிசையை மாற்றி, முதலில் வீடு, பிறகு சிகிச்சை என்னும் முறையைக் கனடிய மனநல ஆணையம் 2009 முதல் 2013 வரை மொன்றியல் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் சோதித்தது. 2,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். வீடும் துணையும் சேர்த்துப் பெற்றவர்கள் வழக்கமான சேவை மட்டும் பெற்ற குழுவினரைவிட நெடுங்காலம் நிலையான குடியிருப்பில் இருந்தார்கள்.

பதினெட்டு வயதில் மாறும் சட்டநிலை

பிள்ளைக்குக் குறைபாடு இருப்பதால் பெற்றோரே என்றென்றும் சட்டப் பொறுப்பாளர் என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. கியூபெக் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 18 வயது நிறைந்தவுடன் ஒவ்வொருவரும் முழுச் சட்டத்திறன் உடையவர். 1994-இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பின்படி, அத்திறனைக் குறைக்க வெளிப்படையான சட்ட விதியோ நீதிமன்றத் தீர்ப்போ வேண்டும். அன்று முதல் வங்கி, வரித் துறை, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பெற்றோரின் கையொப்பம் தானாகச் செல்லாது.

இந்தத் துறையை மேற்பார்வையிடுவது 1945-இல் உருவாக்கப்பட்ட பொதுக் காப்பாளர் அலுவலகம். 2020-இல் நிறைவேறி 2022 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் பழைய அமைப்பைத் தலைகீழாக மாற்றியது. ஒருவரின் உரிமைகள் அனைத்தையும் ஒரே தீர்ப்பில் மற்றொருவரிடம் ஒப்படைத்த ‘கியூராத்தெல்’ முறை நீக்கப்பட்டது. இப்போது தேவையின் அளவுக்கேற்ப வழிகள் உள்ளன.

மிக மென்மையானது உதவியாளர் ஏற்பாடு. தம் விருப்பத்தைச் சொல்லத் தெரிந்த, ஆனால் கடிதங்களும் படிவங்களும் கண்டு திணறுகின்ற ஒருவர், தாம் நம்பும் ஒருவரையோ இருவரையோ உதவியாளராக ஏற்குமாறு பொதுக் காப்பாளரிடம் விண்ணப்பிக்கலாம். அலுவலர் அவரைத் தனியே சந்தித்து, விண்ணப்பம் அவருடைய சொந்த விருப்பம்தானா, யாரேனும் வற்புறுத்துகிறார்களா என்று கேட்டறிவார். ஏற்கப்பட்டால் உதவியாளரின் பெயர் பொதுப் பதிவேட்டில் சேரும். மூன்று ஆண்டுகளுக்கு அவர் வங்கியிடமும் அரசுத் துறைகளிடமும் தகவல் கேட்கலாம், செய்தியைக் கொண்டுசேர்க்கலாம், விளக்கிச் சொல்லலாம். கையொப்பம் மட்டும் இட முடியாது. தம்பியின் தொலைபேசிக் கட்டணத் தகராற்றை அக்கா பேசித் தீர்க்கலாம். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது தம்பிதான். நீதிமன்றம் தேவையில்லை, ஓர் உரிமையும் பறிபோவதில்லை.

அடுத்தது தற்காலிகப் பிரதிநிதித்துவம். முதுசொத்தை ஏற்பது போன்ற ஒரே ஒரு செயலுக்கு நீதிமன்றம் ஒருவரை அமர்த்தும். அச்செயல் முடிந்ததும் அதிகாரமும் முடியும். இதுவும் போதாதபோதே பாதுகாவலர் நியமனம். இதற்கு மருத்துவ மதிப்பீடும் உளச்சமூக மதிப்பீடும் வேண்டும். எந்தெந்தச் செயலை அவர் தாமே செய்யலாம், எதைப் பாதுகாவலர் செய்வார் என்று தீர்ப்பு பிரித்துச் சொல்லலாம். நிலைமை குறித்த காலத்துக்குள் மீண்டும் ஆராயப்படும். குடும்பத்தில் எவரும் முன்வராவிட்டால் பொதுக் காப்பாளரே பாதுகாவலர் ஆவார். நல்ல நிலையில் இருக்கும்போதே நொத்தாரிசு முன்னிலையில் ஒருவர் எழுதிவைக்கும் பாதுகாப்பு ஆணைப்பத்திரமும் உண்டு. அலையலையாக வரும் மனநோய் உடையோருக்கு, தெளிந்த காலத்தின் விருப்பத்தைப் பதிவுசெய்து வைக்க இது சிறந்த கருவி.

சிகிச்சையும் காவலும்

பாதுகாவலர் இருக்கிறார் என்பதால் மட்டும் ஒருவர் சிகிச்சைக்குச் சம்மதம் தரும் திறனை இழப்பதில்லை. அந்தத் திறன் ஒவ்வொரு சிகிச்சையின்போதும் தனியே ஆராயப்பட வேண்டியது. நோயின் தன்மை, சிகிச்சையின் நோக்கம், அதன் ஆபத்து, மறுத்தால் நேரக்கூடியது ஆகியவற்றை அவர் புரிந்துகொள்கிறாரா என்பதே அளவுகோல். புரிந்துகொண்டு மறுத்தால், அந்த மறுப்பு மருத்துவருக்குப் பிடிக்காவிட்டாலும் செல்லும். புரிந்துகொள்ள இயலாதவர் திட்டவட்டமாக மறுக்கும்போது மேல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஒருவரை அவர் விரும்பாத வதிவிடத்தில் சேர்ப்பதற்கும் இதே வழிதான்.

வற்புறுத்தி மருத்துவமனையில் வைப்பது வேறு சட்டத்தில் வருகிறது. 1998-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தை ஊழியர்களும் குடும்பங்களும் ‘பி-38’ என்றே குறிப்பிடுகிறார்கள். மனநிலை காரணமாகத் தமக்கோ பிறருக்கோ உடனடியான கடும் ஆபத்து விளைவிக்கக்கூடியவரை மருத்துவர் நீதிமன்ற ஆணையின்றி 72 மணி நேரம்வரை வைத்திருக்கலாம். அதற்குமேல் வைக்க, மனநல மருத்துவர்கள் இருவர் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வரவேண்டும்; கியூபெக் நீதிமன்றம் ஆணையிட வேண்டும். 21 நாளில் முதல் மறு ஆய்வு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆபத்து நீங்கினால் காவலும் நீங்க வேண்டும். காவலை எதிர்த்து நிருவாகத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கவனிக்கவேண்டியது, காவல் ஆணை சிகிச்சை ஆணை ஆகாது. வைத்திருக்க அனுமதி பெற்ற மருத்துவமனை அதைக் கொண்டு ஊசி போட முடியாது. விசாரணையில் மொழி புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் உரிமையைக் கனடிய உரிமைச் சாசனத்தின் 14-ஆம் பிரிவு தருகிறது. தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கு மருத்துவர் கேட்பதும் நீதிபதி கேட்பதும் புரிந்தாக வேண்டும்; அவர் சார்பில் குடும்பத்தவர் ஒருவர் தோராயமாகச் சொல்வது அதற்கு ஈடாகாது.

மாண்பு குறித்த தீர்ப்புகள்

1975-ஆம் ஆண்டின் கியூபெக் உரிமைச் சாசனம், குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது. அதன் 48-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளையும் முதியோரையும் சுரண்டலிலிருந்து காக்கிறது. வாடகைக்கு வீடு கேட்பவர் மனநோயாளி என்பதால் மறுக்கும் உரிமையாளர் மீது மனித உரிமை ஆணையத்தில் முறையிடலாம். குடிபுகுந்தபின், வாடகைதாரர் எவருக்கும் உள்ள அதே தொடர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்கும் உண்டு.

கனடிய உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இத்துறைக்கு அடித்தளமானவை. 1986-இல், பிரின்ஸ் எட்வர்ட் தீவைச் சேர்ந்த தாய் ஒருவர், அறிவுசார் குறைபாடுடைய தம் வயதுவந்த மகளுக்குக் கருத்தடை அறுவை செய்ய அனுமதி கேட்ட வழக்கு முடிவுக்கு வந்தது. தீர்ப்பில் அந்தப் பெண் ‘ஈவ்’ என்றே குறிப்பிடப்படுகிறார். மருத்துவத் தேவையின்றி, அவருடைய சம்மதமின்றி, மீளமுடியாத அறுவையை எந்த நீதிமன்றமும் அனுமதிக்க முடியாது என்று முடிவாயிற்று. 1928 முதல் 1972 வரை கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை வைத்திருந்த அல்பேட்டா மாகாணத்தையும் கொண்ட நாட்டில் அது பெரும் திருப்பம்.

இரண்டாவது, கியூபெக்கின் சென்-ஃபெர்டினான் மருத்துவமனை வழக்கு. 1984-இல் அங்கு ஊழியர்கள் சட்டவிரோதமாக வேலைநிறுத்தம் செய்தனர். நோயாளிகளுக்கு வழக்கமான குளிப்பும் அன்றாடப் பராமரிப்பும் கிடைக்காமல் போயின. அவர்கள் அனைவர் சார்பிலும் பொதுக் காப்பாளர் வழக்குத் தொடுத்தார். தங்களுக்கு நேர்ந்ததை உணராதவர்களுக்கு என்ன இழப்பு என்ற வாதம் எழுந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது: மாண்பு மனிதராகப் பிறந்தவர் அனைவருக்கும் உரியது, அது மீறப்பட்டதை அவர் உணர்ந்தாரா என்பதைப் பொறுத்து அது கூடுவதோ குறைவதோ இல்லை. ஒவ்வொருவருக்கும் 1,750 டொலர் இழப்பீடும், தொழிற்சங்கத் தரப்பு மீது 200,000 டொலர் தண்ட இழப்பீடும் உறுதியாயின. பேச இயலாத ஒருவரைக் குளிப்பாட்டாமல் விடுவதும் உரிமை மீறல்தான் என்று சொன்ன இத்தீர்ப்பு, ஒன்பது பேர் வாழும் புறநகர் இல்லத்துக்கும் அப்படியே பொருந்தும்.

வாக்குரிமை 1988-இல் கிடைத்தது. மனநோயைக் காரணம் காட்டி வாக்கை மறுத்த கூட்டாட்சித் தேர்தல் சட்ட விதியை அவ்வாண்டு கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாததாக்கியது.

வருமானம்

வாடகை கட்டப் பணமில்லாதவருக்கு வீட்டுரிமை ஏட்டுச் சுரைக்காய். வேலை செய்யும் திறனுக்குக் கடும் தடை உள்ளோருக்குக் கியூபெக் சமூக ஒருமைப்பாட்டு உதவித்தொகை தருகிறது. கடந்த 72 மாதங்களில் 66 மாதமேனும் அந்நிலையில் இருந்தவர்களுக்கு 2023 ஜனவரி முதல் அடிப்படை வருமானத் திட்டம் உண்டு. துணைவரின் வருமானத்தை இது கணக்கில் கொள்வதில்லை என்பதால், ஒருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கினால் உதவி பறிபோகும் என்ற பழைய அச்சம் குறைந்துள்ளது. 2025 ஜூலையில் தொடங்கிய கூட்டாட்சி உதவித்தொகை மாதம் 200 டொலர்வரை சேர்க்கிறது. பெற்றோர் முன்கூட்டியே சேமிக்க 2008 முதல் தனிச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வாழ்நாளில் 70,000 டொலர்வரை மானியமும் 20,000 டொலர்வரை சேமிப்புப் பத்திரமும் அரசு தரும். பெருந்தொகையைப் பிள்ளையின் பெயருக்கு நேரடியாக எழுதிவைத்தால் உதவித்தொகை நின்றுபோகக்கூடும். எனவே, பொறுப்பாளர் தம் விருப்பப்படி செலவிடும் நம்பிக்கைச் சொத்தாக அதை உயிலில் அமைப்பது வழக்கம்.

குடிவரவுச் சட்டம்

1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களின் பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள், பெற்றோர் முதுமையில். உறவுகள் பல நாடுகளில் சிதறியிருப்பதால், எங்களுக்குப் பின் யார் என்ற கேள்வி இக்குடும்பங்களுக்கு இன்னும் கடினம். குடிவருவதே சிலருக்குத் தடையாக இருந்தது. சுகாதார, சமூக சேவைகளுக்கு மிகைச் சுமை ஆவார் என்று கருதப்படும் பிள்ளையால் முழுக் குடும்பமும் நிராகரிக்கப்படலாம். ஹிலெவிட்ஸ் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், குறைபாட்டின் பெயரை மட்டும் பார்க்காமல் அந்தக் குடும்பத்தின் உண்மை நிலையையும் ஆராய வேண்டும் என்றது. 2018-இல் செலவு வரம்பு மூன்று மடங்காக்கப்பட்டது. சிறப்புக் கல்வி கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அகதிகளுக்கும், துணைவராகவும் சார்ந்த பிள்ளையாகவும் அழைக்கப்படுவோருக்கும் இந்தத் தடை பொருந்தாது.

பிற இடங்களின் பட்டறிவு

இத்தாலி 1978-இலேயே மனநோய் மருத்துவமனைகளை மூடும் சட்டம் இயற்றியது. ஒன்ராறியோ அறிவுசார் குறைபாடு உடையோருக்கான கடைசி மூன்று பெருநிறுவனங்களை 2009-இல் மூடியது. 1876-இல் தொடங்கிய ஹியூரோனியா நிலையத்தில் துன்புற்றோருக்கு 2013-இல் 35 மில்லியன் டொலர் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. நோவா ஸ்கோஷியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் ஒரு படி மேலே சென்றது. ஊருக்குள் வாழத் தகுதியுள்ளோரை நிறுவனங்களில் வைத்திருப்பதும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவிடுவதும் முறைசார் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2023-இல் அம்மாகாணம் ஐந்தாண்டுச் சீர்திருத்தத் திட்டத்துக்கு இணங்கியது.

தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தனர். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, சமூகத்தில் வாழ்வதை உரிமையாக்கியது. சென்னையில் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, நெடுங்காலம் மருத்துவமனையில் இருந்த பெண்களைச் சிறு குழுக்களாக ஊருக்குள் வாடகை வீடுகளில் குடியமர்த்திவருகிறது. இலங்கையிலோ 1873-ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டமே நெடுங்காலம் அடிப்படையாக இருந்துவந்தது.

எஞ்சியிருப்பவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சாசனத்தின் 19-ஆம் பிரிவு, எங்கே யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. கனடா 2010-இல் அதை ஏற்றது. மற்றொருவர் முடிவெடுக்கும் முறையைத் தொடர்வதற்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டது. கியூபெக்கின் 2022 மாற்றங்கள் அந்த விலக்கின் தேவையைக் குறைத்துள்ளன. நடைமுறையில் மூன்று குறைகள் நிற்கின்றன. சிறப்புப் பள்ளிக் கல்வி 21 வயதில் முடியும்போது பல இளையோருக்குப் பகல்நேர வாழ்வே நின்றுபோகிறது. வதிவிடங்களுக்கான காத்திருப்பு நீள்வதால், பெற்றோர் நோயுற்ற அல்லது இறந்த நெருக்கடியில் கிடைத்த இடத்துக்குப் போகவேண்டியதாகிறது. அங்கே இடத்தையும் உடன் வாழ்வோரையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறைவு.

சேவையில் குறை இருந்தால் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டு ஆணையரிடம் எழுதலாம். 45 நாளில் பதில் வரவேண்டும். நிறைவில்லையெனில் மாகாண மக்கள் காப்பாளரிடம் போகலாம். பாகுபாட்டுக்கும் சுரண்டலுக்கும் மனித உரிமை ஆணையம் உண்டு. முறைப்பாடு எழுத இலவச உதவி தரும் மையங்களும், மனநல உரிமைக்கான அக்சியோன் ஓட்டோனோமி போன்ற அமைப்புகளும் மொன்றியலில் உள்ளன. குடும்பத்தின் பங்கு முன்கூட்டியே தொடங்குவது: பிள்ளைக்கு 18 ஆகுமுன் சட்ட ஏற்பாட்டை ஆராய்வது, வதிவிடப் பட்டியலில் தாங்கள் நலமாக இருக்கும்போதே பெயர் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, எப்படி வாழ விருப்பம் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டு எழுதிவைப்பது. அரசின் பங்கு, அந்த விருப்பத்தை நிறைவேற்றும் அளவுக்கு வீடுகளையும் துணைப் பணியாளர்களையும் பெருக்குவது. இரண்டில் எது தவறினாலும், சட்டம் தந்த உரிமை தாளிலேயே நின்றுவிடும்.